ஊர்க் கணக்கில் பணம், சுங்கை சிப்புட்டில் நான்: ஓடிபி வராமல் எப்படி எடுப்பது?

அறந்தாங்கி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணமாகி இங்கே மலேசியாவில், ஈப்போ நகருக்குப் பக்கத்தில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு வந்தவள் நான். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை, பாய்லர் பக்கம். நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், கணவர் பெயரில் எடுத்த, நீண்டகாலம் தங்குவதற்கான பாஸில் இருக்கிறேன்.

ஊரில் இருந்தபோது தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தேன். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் அதில் மிச்சம் பிடித்தது, சீட்டு எடுத்தது எல்லாம் சேர்ந்து அறந்தாங்கியில் ஓர் அரசு வங்கியில் என் பெயரில் கிடக்கிறது. பாதி எஃப்டி, மீதி சேமிப்புக் கணக்கு. இது என் பணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இங்கே யாரிடம் கேட்டாலும் "உன் வீட்டுக்காரரைக் கேளேன்" என்கிறார்கள். கேட்டால் அவர் கொடுப்பார்தான். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பணம் இரண்டு காரியத்துக்கு வேண்டும். ஒன்று, அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், மதுரையில். கண்ணுக்குள் எந்த லென்ஸ் வைப்பது என்பதைப் பொறுத்துச் செலவு மாறுமாம். அம்மா மலிவானதே போதும் என்கிறார், நான் விடமாட்டேன். இரண்டாவது, எனக்கு ஒரு தையல் மெஷின். வீட்டு மிஷின் இல்லை, கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஹைஸ்பீட் மெஷின். ஈப்போவில் பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு வரிசையில் பிளவுஸ் தைக்கத் துணியோடு ஈப்போவுக்குப் பஸ் ஏறுகிற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சிக்கல் இதுதான். வங்கியில் கொடுத்திருந்த இந்திய நம்பர் இப்போது உயிரோடு இல்லை. ரீசார்ஜ் நின்று ரொம்ப நாளாகிவிட்டது. அதனால் நெட் பேங்கிங்கில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகும் இடத்திலேயே ஓடிபி கேட்டு நிற்கிறது. ஏடிஎம் அட்டை கையில் இருக்கிறது. இங்கே டவுனில் ஒரு மெஷினில் போட்டுப் பார்த்தேன், உடனே வெளியே துப்பிவிட்டது. கிளைக்குப் போன் போட்டால் "நேரில் வாங்கம்மா, ஃபார்ம் எழுதிக் கொடுத்தா அஞ்சு நிமிஷம்" என்கிறார்கள். நேரில் வர ஈப்போவிலிருந்து அறந்தாங்கிக்கு டவுன் பஸ்ஸா விடுகிறார்கள்?

தம்பி ஒரு வழி சொல்கிறான்: ஊருக்கு வருகிற யாரிடமாவது கார்டைக் கொடுத்துவிடு, பின் நம்பரை எனக்குப் போனில் சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. தம்பி நல்லவன். அவன் மனைவியும் நல்லவள். இரண்டு பேரும் சேர்ந்து என் பணத்தைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குத் தூக்கம் போகிறது.

விமான டிக்கெட் எடுக்காமல் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


கேமரன் ரோடு மாஸ்டர்:

நான் ராமநாதபுரம் பக்கம். இங்கே உணவகத்தில் சமையல். உங்கள் அட்டை விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா.

அட்டையின் முன்பக்கம் என்ன முத்திரை என்று பாருங்கள். வெறும் ரூபே மட்டும் என்றால் அது உள்நாட்டு அட்டை, இங்கே எந்த மெஷினில் போட்டாலும் துப்பும். ரூபே குளோபல் என்று ஒன்று உண்டு, அது டிஸ்கவர், டைனர்ஸ் வலையமைப்பில் ஓடும். விசா, மாஸ்டர்கார்டு என்றாலும் தானாக ஓடாது. 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி இந்திய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்துதான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ திறந்துவிட வேண்டும். அங்கேயும் ஓடிபி கேட்கும், அதனால் நீங்கள் மறுபடி அதே சுவரில்தான் முட்டுவீர்கள்.

திறந்தாலும் சின்னச் சின்னதாக எடுக்காதீர்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கட்டணம், அதன்மேல் மாற்று விகிதத்தில் ஒரு வெட்டு. என் அட்டையில் இரண்டும் சேர்ந்து நன்றாகவே கடித்தது. இன்னொன்று, மெஷின் "ரூபாயில் கணக்குப் பார்க்கவா, ரிங்கிட்டிலா" என்று கேட்டால் ரிங்கிட் என்றே அமுக்குங்கள். ரூபாய் என்று அமுக்கினால் அந்த மெஷின்காரன் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை போடுவான்.


லோரி மணி:

இதுக்கு ஏன் இவ்வளவு தலைவலி? உண்டியல் போட்டுடுங்க தங்கச்சி. ஊருல அம்மா ரூபாயைக் கொடுத்தா இங்கே சாயங்காலம் வெள்ளி, அதான் ரிங்கிட், கையில. தாத்தா காலத்துலேர்ந்து நடக்கிறதுதானே லா.


பழைய கிராணி:

மணி, உன் தாத்தா காலத்தில் பல காரியம் நடந்தது. இப்போது உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் செய்வது இந்த நாட்டில் 2011-ஆம் ஆண்டு பணச் சேவைச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் இந்தியாவில் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் இருக்கிறது. அந்தப் பெண் பாஸில் இருக்கிறாள். ஒரு விசாரணை என்று வந்தால் பாஸ் புதுப்பிக்கும்போது யார் போய் நிற்பது, நீயா? அதுவும் போக, அவள் அம்மா ரூபாயைக் கொடுக்க முதலில் அது வங்கியிலிருந்து வெளியே வரவேண்டுமே. கேள்வியைப் படி.

டீச்சரம்மா, நான் இந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்ட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தோட்டத்து ஆட்கள் ஊருக்கு மணியார்டர் அனுப்ப பாரம் எழுதிக் கொடுத்தே கை தேய்ந்தவன். ஒரு காலத்தில் உங்கள் கேள்விக்குப் பதில் சுலபமாக இருந்திருக்கும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்சியல் வங்கி மூன்றுக்கும் இந்த நாட்டிலேயே கிளைகள் இருந்தன. 1969-இல் இந்திரா காந்தி அந்த வங்கிகளை அரசுடைமை ஆக்கினார். வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே நடக்கக்கூடாது என்பது அன்றைய மலேசியச் சட்டம். அதனால் 1973-இல் மூன்றின் கிளைகளையும் சேர்த்து யுனைடெட் ஏசியன் வங்கி என்று ஆக்கினார்கள். பிறகு அது இன்னொன்றோடு கலந்து, இன்று நாம் சிஐஎம்பி வங்கி என்று பார்ப்பதற்குள் போய்விட்டது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோலாலம்பூரில் இந்தியா இன்டர்நேஷனல் பேங்க் என்று ஒன்று 2012-இலிருந்து இருக்கிறது. இந்திய வங்கிகள் மூன்று கூட்டாகப் போட்டது. யாராவது உங்களை அங்கே போகச் சொல்வார்கள். அது தனி வங்கி. உங்கள் அறந்தாங்கிக் கணக்கை அங்கே திறந்து பார்க்க முடியாது. பஸ் காசை மிச்சம் பிடியுங்கள்.


கவுண்ட்டர் 4:

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றேன். மகள் ஈப்போவில் இருப்பதால் வருடத்தில் பாதி அங்கே. கவுண்ட்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்து "நேரில் வாங்கம்மா" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அது சோம்பேறித்தனம் என்று மட்டும் நினைக்காதீர்கள். போனில் பேசுவது நீங்கள்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மாவின் ஆபரேஷனிலிருந்து வருகிறேன், அதுதான் அவசரம். உங்களிடம் செக் புத்தகம் இருக்கிறதா? ஓடிபி, ஆப், அட்டை எதுவும் இல்லாமல் ஓடுகிற ஒரே வண்டி அதுதான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அம்மா பெயருக்கோ மருத்துவமனை பெயருக்கோ எழுதி, இடது மேல் மூலையில் இரண்டு கோடு போட்டு, 'ஏ/சி பேயீ' என்று எழுதி அனுப்புங்கள். தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். மருத்துவமனை செக் வாங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்காது என்றால் அம்மா கணக்கில் போட்டு அங்கிருந்து கட்டட்டும்.

ஒரு எச்சரிக்கை. தொகை பெரிதாக இருந்தால் கிளையிலிருந்து பதிவான நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள். 50,000 ரூபாய் முதல் பாசிட்டிவ் பே என்று செக் விவரத்தை முன்கூட்டியே தெரிவிக்கும் முறையும் இருக்கிறது. நம்பர் செத்துக் கிடப்பதால் செக்கைத் திருப்பிவிடக் கூடும். ஆகவே வங்கியில் பதிவாகியுள்ள உங்கள் மின்னஞ்சலிலிருந்தே கிளை மேலாளருக்குச் செக் எண், தொகை, யாருக்கு என்று எழுதுங்கள். அம்மாவையும் ஒருமுறை கிளைக்குப் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். சிறிய ஊர்க் கிளையில் முகம் தெரிந்தவர் வந்து சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு, சட்டத்தில் இல்லாவிட்டாலும்.

அடுத்து அந்தப் பழைய நம்பர். 90 நாள் பயன்பாடே இல்லாத நம்பரைக் கம்பெனி துண்டிக்கலாம். துண்டித்து இன்னொரு 90 நாள் போனால் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதாவது உங்கள் ஓடிபி நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். நீங்கள் பணம் எடுக்க முடியாததைவிட எனக்கு இதுதான் கவலை. இன்றே கிளைக்கு எழுதி, அந்த நம்பரை நீக்கி, நெட் பேங்கிங்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். நம்பரை மீட்க அலைய வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு, கணக்கை என்ஆர்ஓ ஆக்குவது, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் ஊர்ப் பணத்துக்கு வைத்திருக்கும் கணக்காக மாற்றுவது. கல்யாணமாகி வெளிநாட்டில் குடியேறியவர் ஊரில் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை என்ஆர்ஓ என்று மாற்ற வேண்டும் என்பது ஃபெமா விதி. பாதிப் பேர் செய்வதில்லை. செய்தால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், என்ஆர்ஓ கணக்கில் +60 என்று தொடங்கும் உங்கள் மலேசிய நம்பரையே பதியலாம். ஓடிபி அதற்கே வரும். யுபிஐயும் அதே நம்பரில் ஓடும். 2023 ஜனவரியில் பத்து நாட்டு நம்பர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள், பிறகு மலேசியாவும் அதில் சேர்ந்தது. உங்கள் வங்கியும் ஆப்பும் அதற்குத் தயாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அது வந்துவிட்டால் அம்மாவின் மருந்துக் கடை பில்லைக்கூட சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்தே கட்டலாம்.

இதற்கு நேரில் போக வேண்டியதில்லை. படிவம், பாஸ்போர்ட், உங்கள் பாஸ் பக்கம், மலேசிய முகவரிச் சான்று, பான் அட்டை நகல், புகைப்படம். நகல்களில் கோலாலம்பூர் இந்தியத் தூதரகமோ நோட்டரி பப்ளிக்கோ சான்றொப்பம் இட வேண்டும். யாருடையது செல்லும் என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு போங்கள். கையெழுத்து, கணக்குத் திறந்தபோது போட்டதுபோலவே இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்திருந்தால் திருமணச் சான்றும் வையுங்கள். அது இல்லாமல் வந்த உறைகளை நான் எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எஃப்டியும் என்ஆர்ஓ ஆகிவிடும். வட்டியில் வரியாக 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். உங்கள் வருமானம் குறைவு என்றால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் பலரும் சொல்லாமல் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.

தம்பி விஷயம். பின் நம்பரை நாமே ஒருவருக்குச் சொல்லி அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரையிலான நஷ்டம் முழுவதும் நம்முடையது. ரிசர்வ் வங்கி 2017 சுற்றறிக்கையிலேயே அப்படித்தான் சொல்லிவிட்டது. தம்பி எடுத்தால் என்ன, தம்பி பாக்கெட்டிலிருந்து வேறு எவன் எடுத்தால் என்ன. அவனுக்கு உதவ ஆசை என்றால், என்ஆர்ஓ ஆனபிறகு மேண்டேட் என்று ஒரு கடிதம் கொடுக்கலாம். உள்ளூர்ச் செலவுக்கு மட்டும் அவன் பணம் எடுக்கலாம், அவன் பெயரிலேயே பதிவாகும். வேண்டாம் என்றால் ரத்து செய்துவிடலாம்.


பழைய கிராணி:

ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். இங்கே டவுனில் சும்பா போடுகிற ஆபீசர்கள், அதாவது சத்தியப் பிரமாண ஆணையர்கள், கடை மாடியில் இருப்பார்கள். சில வெள்ளியில் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வேறு, நோட்டரி பப்ளிக் வேறு. நோட்டரி என்பவர் நியமனம் பெற்ற வக்கீல், கட்டணமும் கூடுதல். மலிவு என்று சும்பா முத்திரை வாங்கி அறந்தாங்கிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஈப்போவில் நோட்டரிகள் இருக்கிறார்கள், முதலில் போன் செய்து நேரம் கேளுங்கள்.


அறந்தாங்கி டீச்சர்:

கவுண்ட்டர் ஐயா, செக் புத்தகம் இருக்கிறது! புடவைப் பெட்டியில், பாஸ்புக்கோடு கூடவே. கல்யாணத்துக்கு முன் நகைச் சீட்டுக் கட்ட வாங்கியது, பாதித் தாள் அப்படியே இருக்கிறது. மாஸ்டர் அண்ணா, அட்டையில் ரூபே மட்டும்தான். அந்தக் கதை முடிந்தது.

இன்று காலையிலேயே மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டேன், பழைய நம்பரை நீக்கச் சொல்லி. அம்மா திங்கட்கிழமை கிளைக்குப் போகிறார். மருத்துவமனையில் செக் வாங்குவதில்லையாம், அதனால் அம்மா பெயருக்கே எழுதப்போகிறேன். தம்பியிடம் மேண்டேட் பற்றிச் சொன்னேன். "அதில் என் பெயர் பதிவாகுமா?" என்று கேட்டான். ஆகும் என்றேன். அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டான்.

மெஷினுக்கு மட்டும் வழி சொல்லவில்லையே ஐயா? என்ஆர்ஓ ஆனபிறகு அந்த அட்டையை வைத்து இங்கே எடுத்துக்கொள்ளலாமா? இங்கே எனக்கு என் பெயரில் சேமிப்புக் கணக்கு இருக்கிறது.


கவுண்ட்டர் 4:

என்ஆர்ஓ அட்டை பெரும்பாலான வங்கிகளில் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதை நம்ப வேண்டாம். கிளை வழியாக என்ஆர்ஓவிலிருந்து உங்கள் மலேசியக் கணக்குக்கு அனுப்பலாம். நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுமதி, நம் பேச்சுக்கு அது வானம். வருமான வரித் தளத்தில் ஓர் உறுதிமொழி தர வேண்டும், எங்கள் நாளில் அதை 15சிஏ என்போம். சின்னத் தொகைக்கு ஆடிட்டர் சான்று கேட்கமாட்டார்கள், வருடத்தில் 5 லட்சத்தைத் தாண்டினால்தான் அது. ஆனால் அனுப்பும் கட்டணம், நடுவில் ஒரு வங்கி பிடிப்பது, மாற்று விகிதம் எல்லாம் தொகை சின்னது என்று பார்க்காது. மெஷின், நூல், ஓவர்லாக் என்று தேவையை எல்லாம் கூட்டி ஒரே தடவையாக அனுப்புங்கள்.

இனி இங்கே தைத்துச் சம்பாதிப்பதை ஊரில் சேர்க்க நினைத்தால் அதை என்ஆர்ஓவில் போடாதீர்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கென்றே உள்ள என்ஆர்இ கணக்கு தனியாக ஒன்று திறந்து, உரிமம் உள்ள கடை வழியாக அதில் போடுங்கள். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் தடையில்லாமல் திரும்பக் கொண்டுவரலாம்.


லோரி மணி:

தங்கச்சி, மெஷின் எடுக்கும்போது சொல்லுங்க. ஈப்போவுலேர்ந்து சும்மாதான் லோரி வருது, ஏத்திட்டு வந்துடலாம். கிராணி ஐயா, இதுக்கு லைசென்ஸ் வேணாமே?


அறந்தாங்கி டீச்சர்:

கட்டாயம் சொல்கிறேன் அண்ணா. மெஷின்காரரிடம் முன்பணம் கொடுத்துப் பிடித்துவைக்கச் சொன்னேன், தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னால் வேண்டும் என்று. முன்பணம் கோழி விற்ற காசு. நோட்டரிக்கு வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். கணவர் அன்றைக்கு இரவு ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு என்னோடு வருகிறார். படிவம் போட்டு என்ன பதில் வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.